குழாய் லைனில் அல்ட்ராசோனிக் தடிமன் மானி: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

புதிதாக எச்.டி.பி.ஈ. (ஒரு வகை பிளாஸ்டிக்) குழாய் லைன் போடும் நண்பர், ஒலியின் எதிரொலியை வைத்துக் குழாய்ச் சுவரை அளக்கும் இந்த மானியைப் பற்றிக் கேட்டார்: "அது நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல கஸ்டமர் வந்தா காட்டறதுக்கா?"

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும். லைன் ஸ்டார்ட் பண்ணும்போது இதை அடிக்க ஆளில்லை. தடித்த குழாயில் உருகிய பிளாஸ்டிக் தன் எடையிலேயே கீழே இறங்கும். அடிப்பக்கம் தடித்து மேல்பக்கம் மெலியும். முன்பெல்லாம் குழாய் கட்டர் வரை போக வேண்டும். துண்டு வெட்டி, மைக்ரோமீட்டரில் பார்த்து, ஓடிவந்து, பிளாஸ்டிக் குழாயாக வெளிவரும் அச்சான டையின் போல்ட்டைத் திருப்பினால் அதற்குள் வந்ததெல்லாம் ஸ்கிராப். இப்போது குழாயை ஆறவைக்கும் தண்ணீர் டேங்குக்குள் அதைச் சுற்றி நிற்கும் சென்சார்கள் எந்தப் பக்கம் எவ்வளவு என்று அங்கேயே காட்டிவிடுகின்றன. ஆபரேட்டர் போல்ட்டைக் கால் சுற்று திருப்புகிறார். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் இறங்குகிறது. அதைப் பார்ப்பதே தனி சுகம்.

காசும் மிச்சம்தான். 110 மி.மீ., எஸ்.டி.ஆர். 11 (விட்டம் சுவரைப் போல் 11 மடங்கு) குழாய்க்குச் சுவர் குறைந்தது 10 மி.மீ. வேண்டும். பயந்துகொண்டு 10.6 வைத்து ஓட்டினால் 5 சதவீதத்துக்கு மேல் மூலப்பொருள் தண்டம்.

சரி, இனி குமிழி. சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே ஒலியைக் கடத்துவது தண்ணீர். டேங்கில் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும் வாக்குவத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து வெளியே வரும். அது பொடிக் குமிழியாகச் சென்சார் முகத்தில் ஒட்டினால் ஒலி அங்கேயே திரும்பிவிடும், குழாயைத் தொடாது. நடு இரவு ஷிஃப்டில் அலாரம். துடைத்தால் நிற்கும், மறுபடி வரும். போர் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்து படியும். போன வாரம் கேபிள் மாற்ற வந்த சர்வீஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி சரியில்ல சார்" என்றார். பில்லில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது.

அதைவிட ஆபத்து சூடு. சூடான பிளாஸ்டிக்கில் ஒலி மெதுவாகப் போகும். எதிரொலி தாமதமானால், சுவர் தடித்துவிட்டது என்று மானி கணக்குப் போடும். சித்திரை மதியம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் திணறும்போதோ, லைன் வேகத்தைக் கூட்டும்போதோ உள்சுவர் ஆறியிருக்காது. திரையை நம்பி ஆபரேட்டர் தடிமனைக் குறைத்தால் மெலிந்த குழாய் கிடங்குக்குப் போய்விடும். வெப்பநிலைத் திருத்தம் இதிலும் உண்டு, ஆனால் தண்ணீர் சூட்டை வைத்துத்தான் ஊகிக்கிறது. உள்சுவர் அதற்கு எப்படித் தெரியும்? அதனால் மைக்ரோமீட்டரை இன்னும் பெட்டியில் வைக்க முடியவில்லை.

வாங்கலாமா? இன்றைய மனநிலையில் வேண்டாம். முதலில் மூலப்பொருளை எடை போட்டு ஊட்டும் கிராவிமெட்ரிக் ஃபீடர் போடுங்கள், மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கைக்குள் வந்துவிடும். எந்தப் பக்கம் மெலிவு என்று அது சொல்லாதே என்பீர்கள். உண்மைதான். அதற்கு ஸ்டார்ட்டிங்கில் கை பழகிய ஆள் ஒருவரை டை பக்கத்தில் நிறுத்துங்கள். பெரிய சைஸ் ஆர்டர் பிடித்துவிட்டால் போன் பண்ணுங்கள், அப்போது வேறு மாதிரி பேசுவேன்.