ரப்பர் பாலுக்கு டயல் விஸ்காமீட்டர்: கருவி தேறும், அட்டை தேறாது

குலசேகரம், அருமனை பக்கம் சென்ட்ரிபியூஜ் லேடெக்ஸ் (சுழற்றிக் கெட்டியாக்கிய ரப்பர் பால்) கையாளும் சின்ன ஆலைகளுக்கு, நாலு ரோட்டரோடு (பாலுக்குள் சுழலும் பாகம்) வரும் இந்த டயல் விஸ்காமீட்டர் (பாகுநிலையை முள்ளால் காட்டும் கருவி) போதும். 60 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 60 சுற்று) முள் ஆடாமல் நிற்கிறது. வில்லங்கம் பெட்டிக்குள் வைத்திருக்கும், பாகுநிலை யூனிட்டுகளை மாற்றும் அட்டையில்தான்.

"1 பாய்ஸ் = 10 பாஸ்கல்-செகண்ட்" என்று அச்சடித்திருக்கிறார்கள். தலைகீழ். 1 பாஸ்கல்-செகண்ட்தான் 10 பாய்ஸ், அதாவது 1000 சென்டிபாய்ஸ். 85 சென்டிபாய்ஸ் பால் என்றால் 0.85 பாய்ஸ், 0.085 பாஸ்கல்-செகண்ட். அட்டையை நம்பினால் 8.5 பாஸ்கல்-செகண்ட் வரும். அது பால் இல்லை, மார்த்தாண்டம் தேன். லேடெக்ஸில் இந்த நூறு மடங்கு பிழை உடனே கண்ணில் படும். பசை விற்பவருக்குப் படாமலே போகலாம். சென்டிபாய்ஸும் மில்லிபாஸ்கல்-செகண்டும் ஒரே அளவு. ரிப்போர்ட்டில் எதைக் கேட்டாலும் எண்ணைத் தொட வேண்டாம்.

சென்டிஸ்டோக்கையும் சென்டிபாய்ஸையும் ஒரே கட்டத்தில் போட்டது அடுத்த தப்பு. சென்டிபாய்ஸை அடர்த்தியால் வகுத்தால்தான் சென்டிஸ்டோக். 60 சதவீத லேடெக்ஸுக்கு அது சுமார் 0.94 என்பதால், 85 சென்டிபாய்ஸ் சுமார் 90 சென்டிஸ்டோக். கிலோகிராம்-விசைக் கணக்கு மட்டும் (சதுர மீட்டருக்கு 1 கிலோகிராம்-விசை-செகண்ட் = 9806.65 சென்டிபாய்ஸ்) தசமம் பிசகாமல் இருக்கிறது. அதை இங்கே யார் கேட்கிறார்கள்!

டயலில் தெரிவது சென்டிபாய்ஸ் அல்ல, பெருக்க வேண்டிய எண். முதல் ரோட்டருக்குப் பெருக்கு எண் 60 ஆர்பிஎம்மில் 1, 30-இல் 2, 12-இல் 5, 6-இல் 10. இரண்டாம் ரோட்டருக்கு 60-இல் 5. 85 சென்டிபாய்ஸ் பாலை அதில் பார்த்தால் முள் 17-இல் நிற்கும். அரைக்கோடு பிசகினாலே 2.5 சென்டிபாய்ஸ் போச்சு. முதல் ரோட்டரே சரி. வேகத்தைக் குறைத்தால் பெருக்கிய பிறகும் எண் கூடுதலாக வரும், லேடெக்ஸின் குணம் அப்படி. எனவே ரோட்டர், ஆர்பிஎம், வெப்பநிலை மூன்றும் எழுதாத எண்ணை எந்த யூனிட்டுக்கு மாற்றினாலும் பயனில்லை. உச்சிவெயில் நேரத்தில் பாலை 25 டிகிரியில் நிறுத்தத் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் முடியாது. அது தனியாக வாங்க வேண்டும்.

ரோட்டர் மரை இடப்பக்கம். வழக்கம்போல் முறுக்கினால் கழலும். தண்டை லேசாகத் தூக்கிப் பிடித்து மாட்டணும், இல்லையேல் உள்ளே ஊசிமுனை கெடும். பாலை முதலில் சல்லடையில் வடிகட்டுங்கள். அளந்த கையோடு ரோட்டரைத் தண்ணீரில் கழுவாவிட்டால் பால் தோலாகப் படிந்து, அடுத்த பாலைக் கெட்டியாகக் காட்டும்.