அலாரம் பூட்ட வந்தவர்கள் எதைப் பூட்டிவிட்டுப் போனார்கள்?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கம் வீட்டுக்குக் களவு அலாரம் பூட்டும் யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நான் கொடுத்தது 185,000 ரூபாய். அதற்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினொரு வாரமும் ஒரு குரங்கும் தேவைப்பட்டன.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. அவர்களுடைய சட்டத்தரணிக்கு என் கையாலேயே வேலை கொடுக்க விருப்பமில்லை.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. அம்மாவுக்கு 82 வயது. நானும் அவரும் மட்டும். 2024 தீபாவளிக்கு முந்திய வாரம் பின்வளவு வீட்டார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்படி யன்னலைக் கழற்றி எடுத்து உள்ளே புகுந்து நகைகளைக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி ரொறன்ரோவுக்கு எங்களைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. தம்பி தினமும் இரவில் அழைப்பான். "அக்கா, அலாரம் பூட்டுங்கள், காசு நான் அனுப்புகிறேன்."

அப்படித்தான் அந்தப் பையன் வந்தான். தமிழ்ப் பையன். சப்பாத்தை வாசலில் கழற்றினான், என்னை அன்ரி என்றான், அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டான். அம்மா கரவெட்டி என்றார். தன் தாயார் பக்கத்திலேயே நெல்லியடி என்றான் அவன். அவ்வளவுதான், அம்மா தானே எழுந்துபோய்த் தேநீர் போட்டார். நெல்லியடி என்ற ஒரு சொல்லுக்காக நான் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட்டேன். வங்கியில் 31 வருடம் கடன் விண்ணப்பங்களைத் துருவித் துருவிப் பார்த்தவள் நான் என்பதையும் இங்கே வெட்கத்துடன் சொல்லிவைக்கிறேன்.

விலைப்பட்டியலில் எட்டு வலயங்கள் இருந்தன. முன்கதவு, பின்கதவு, நான்கு யன்னல்கள், நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சர் இரண்டு. அதோடு சைரன் இரண்டு, எண்களை அழுத்தும் கீபேட் ஒன்று, சிம் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்று, மின்சாரம் போனால் தாங்குவதற்குப் பற்றரி. நவம்பர் 23, சனிக்கிழமை, இரண்டு பேர் பத்து மணிக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனது. நான்கு மணிக்கு வேலை முடிந்துவிட்டது என்றார்கள். எட்டு இடங்களுக்குச் சீலிங் வழியாக வயர் இழுக்கும் வேலை அத்தனை சுருக்காக முடியுமா என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். பிந்துகிறார்கள் என்று குறை சொல்லியே பழகிய நமக்கு, வேகமாக முடித்தால் சந்தேகம் வருவதில்லை.

கீபேடில் மஞ்சள் விளக்கு ஒன்று முதல் நாளிலிருந்தே எரிந்தது. கேட்டேன். "அது கடிகார நேரம் சம்பந்தமானது அன்ரி, பொருட்படுத்த வேண்டாம்" என்றான் வந்தவர்களில் இளையவன். அந்த விளக்கு பெட்டிக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்லும் விளக்கு. நேரம் தவறியிருந்தாலும் எரியும், பற்றரி செத்திருந்தாலும் எரியும். பாதி உண்மை சொல்லத் தெரிந்தவன், கெட்டிக்காரன்தான்.

முதல் வாரத்திலேயே தலையிடி தொடங்கியது. அம்மா கோயிலிலிருந்து வந்து கதவைத் திறந்த அடுத்த கணம் சைரன் ஒழுங்கையையே எழுப்பியது. வாசல் கதவுக்கு உள்நுழையும் அவகாசம் கொடுக்க வேண்டும். 30 அல்லது 45 விநாடி போதும், அதற்குள் எண்ணை அழுத்தி நிறுத்திவிடலாம். விறாந்தைச் சென்சரையும் அந்த அவகாசத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும்படி அமைக்க வேண்டும். இவர்கள் எட்டையும் உடனடியாகக் கத்தும் வகையில் விட்டிருந்தார்கள். அழைத்தோம், நிறுவனத்திலிருந்து ஒருவன் வந்தான், பத்து நிமிடம் கீபேடைத் தட்டினான், "சரி அன்ரி" என்றான். அதன்பின் கத்தவில்லை. ஓட்டோவுக்கு என்று 500 ரூபாயும் கொடுத்தேன்.

பிறகு 2025 பெப்ரவரி 9. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் போனதே, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே, அந்த நாள். மின்விசிறி நின்று, நான் விசிறி மட்டையைத் தேடி எடுத்து வருவதற்குள் கீபேடும் இருண்டுவிட்டது. ஐந்து நிமிடம்கூட இருக்காது.

இப்படியான பெட்டிகளில் வழக்கமாக இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி. எங்கள் வீட்டளவு இணைப்புக்கு எட்டுப் பத்து மணி நேரமாவது அது தாங்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நாட்டில், ஐந்து நிமிட அலாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. இரண்டு நாட்களும் கீபேட் எங்களுக்கு முன்பே தூங்கப் போனது. நிறுவனத்தின் தொலைபேசியில் பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை நவம் போயா, பௌர்ணமி விடுமுறை. என்னோடு வேலைசெய்த தோழியின் மகன் கொட்டாஞ்சேனையில் இதே தொழிலில் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தான். முதலில் பற்றரியை வெளியே எடுத்து மேசையில் வைத்தான். இரு பக்கமும் வீங்கியிருந்தது. மேலே ஒட்டியிருந்த புதிய தாளை நகத்தால் உரித்தான். அடியில் பழைய தாள், அதில் 2019 என்று கையால் எழுதிய திகதி. வேறு யாருடைய வீட்டிலோ வாழ்ந்து முடித்த பற்றரி எங்களிடம் புதுப் பெண்ணாக வந்திருக்கிறது.

பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. டோர்ச் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுப் போர்டின் அடியில் பிடித்துக்கொண்டு, "அன்ரி, இங்கே பாருங்கள்" என்றான்.

அவன் காட்டியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு கதவுக்கும் யன்னலுக்கும் போகும் வயரின் கடைசி முனையில், அதாவது சென்சர் இருக்கும் இடத்தில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சின்னத் தடையி ஒன்றை வைப்பார்கள். சில தயாரிப்புகளில் 1000 ஓம், சிலவற்றில் 5600 ஓம். பெட்டி அந்த அளவை எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலோ யாராவது வயரை வெட்டினாலோ அளவு மாறும், சைரன் கத்தும். எங்கள் பெட்டியில் நான்கு யன்னல்களுக்கும் உரிய முனைகளில் வயரே இல்லை. தடையியை மட்டும் முனைக்கு முனை திருகி வைத்திருந்தார்கள். பெட்டிக்கு அது போதும். யன்னல் பூட்டியிருக்கிறது, யன்னல் பூட்டியிருக்கிறது என்று இரவு பகலாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். யன்னலைப் பெயர்த்துக் கடலில் போட்டாலும் அதையேதான் சொல்லும்.

அடுப்படி யன்னலுக்குப் போனோம். சட்டத்தில் காந்தமும் ஆளியும் அழகாக ஒட்டியிருந்தன. ஆளியிலிருந்து வந்த வயர் மரத்தில் இருந்த துளைக்குள் நுழைந்தது. அவன் இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். ஒரு விரல் நீளத்துக்கு வந்து கையோடு கழன்றது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எலி வாலைப் போல இருக்கிறதே" என்றார்.

முன்கதவின் அவகாசத்தையும் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தோம். நான்கு நிமிடம். டிசம்பரில் அந்த நிறுவனத்து ஆள் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த திருத்தம் இதுதான். நான்கு நிமிடத்தில் கள்ளன் என்னென்ன எடுக்கலாம் என்று அன்றிரவு படுத்திருந்து கணக்குப் பார்த்தேன். அலுமாரி முழுவதும் முடிந்து, அவன் தேநீர் குடிக்கவும் நேரம் மிஞ்சியது.

இனி எண்களுக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளுக்குப் பல படிகளில் இரகசிய எண்கள் உண்டு. வீட்டார் பாவிப்பது ஒன்று. வீட்டு எண்களைக் கூட்டவும் அழிக்கவும் உரிமையாளருக்கு ஒரு தலைமை எண். வலயம், அவகாசம், எந்தத் தொலைபேசிக்குச் செய்தி போக வேண்டும் என்பதையெல்லாம் அமைப்பதற்குப் பூட்டுபவரின் எண், இன்ஸ்டோலர் எண் என்பார்கள். எங்களுக்குத் தந்தது முதலாவது மட்டும். தோழியின் மகன் தலைமை எண்ணாக 1234 அழுத்திப் பார்த்தான். திறந்துகொண்டது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருக்கும் எண், இந்தத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்த எண், பதினொரு வாரமாக எங்கள் வாசலில் அப்படியே இருந்திருக்கிறது.

இன்ஸ்டோலர் எண்ணையோ மாற்றியிருந்தார்கள். பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக அமைக்கலாமே என்று கேட்டேன். "பொறுங்கள்" என்று மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் பெட்டியில் காதை வைத்தான். டிக், டிக், டிக் என்று உள்ளே ரிலே என்ற சின்ன ஆளி பத்துத் தரம் தட்டியது. இந்த வகைப் போர்டில் அப்படித் தட்டினால் இன்ஸ்டோலர் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அந்தப் பூட்டு இருக்கும் வரை பழைய நிலைக்கும் கொண்டுபோக முடியாது. எண் தெரிந்தவர் வர வேண்டும், இல்லையென்றால் போர்டைத் தூக்கிப் போட வேண்டும். கள்ளனுக்குத் தெரிந்த எண்ணைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்காரிக்குத் தேவையான எண்ணைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அலாரம் பூட்டுகிறோம் என்று அவர்கள் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் நெல்லியடிப் பையன் ஒருவழியாகத் தொலைபேசியை எடுத்தான். இன்ஸ்டோலர் எண் வேண்டும் என்றேன். நிறுவன விதிப்படி கொடுக்க முடியாது, பூட்டை எடுத்துவிட 15,000 ரூபாய், வருடாந்தப் பராமரிப்பில் சேர்ந்தால் இலவசம் என்றான். யன்னல்களுக்கு வயரே இல்லை என்று சொன்னேன். அதற்கு அவன் சொன்ன பதிலை எழுதும்போது இப்போதும் கை குளிர்கிறது. "அப்படி இருக்காது அன்ரி. நேற்று மாலை ஆறே முக்காலுக்கு நீங்கள் அலாரத்தைப் போட்டுவிட்டு வெளியே போகும்போது எல்லாம் சரியாகத்தானே காட்டியது."

போயா மாலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஆறே முக்கால்தான். அவனுக்கு எப்படித் தெரியும்?

குறுஞ்செய்தி போகும் எண்களில் என் எண்ணோடு அவர்களுடைய எண்ணும் இருந்திருக்கிறது. ஆபத்து என்றால் எனக்கு, வீடு பூட்டிய நேரமும் திறந்த நேரமும் அவர்களுக்கு. அதற்கு நான் எங்கும் கையொப்பம் வைக்கவில்லை. களவு எடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தின் அட்டவணை, முன்பின் தெரியாத ஒரு கைத்தொலைபேசியில் மூன்று மாதமாகச் சேர்ந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்த நிமிடமே பெட்டியிலிருந்து சிம்மைக் கழற்றினேன்.

15,000 கொடுக்கவில்லை. வேறு போர்டும் புதுப் பற்றரியும் வாங்கி, யன்னல்களுக்கு உண்மையாகவே வயர் இழுக்க இன்னும் 70,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது. தோழியின் மகன் கூலி வாங்க மறுத்தான். அம்மா பலவந்தமாகச் சட்டைப் பையில் வைத்தார்.

முறைப்பாடு பற்றி ஒன்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். எனக்கு அது பெப்ரவரி 23, அதுவும் ஞாயிறு. குரங்கு இரண்டு வாரம் பிந்திப் பாய்ந்திருந்தால் எனக்கு நாள் கடந்திருக்கும். அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்டுக்கொண்டு, 18 ஆம் திகதி வொக்ஸ்ஹோல் வீதிக்கு நேரில் போனேன். பற்றுச்சீட்டு, விலைப்பட்டியல், வயர் இல்லாத முனைகளின் படங்கள், இரண்டு தாளும் தெரியும் பற்றரிப் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். பழைய போர்டு பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியில் இருக்கிறது.

நீங்கள் பூட்டுவதாக இருந்தால், கடைசிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செலவழியுங்கள். கதவு திறந்தால் மெல்லிய மணி அடிக்கும் வசதி எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய உண்டு. அதைப் போடச் சொல்லி ஒவ்வொரு கதவையும் யன்னலையும் நீங்களே திறந்து பாருங்கள், கீபேடில் அந்தந்த இலக்கம் வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். மெயின் ஆளியை நிறுத்திவிட்டு அவர்களுக்குத் தேநீர் கொடுங்கள். அவர்கள் குடித்து முடிக்கும்போதும் கீபேட் விழித்திருக்க வேண்டும். தலைமை எண்ணை உங்கள் கையால் மாற்றுங்கள். இன்ஸ்டோலர் எண்ணும், செய்தி போகும் தொலைபேசி இலக்கங்கள் அத்தனையும் நிறுவனக் கடதாசியில் எழுதி, முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். விதி இடம் தராது என்று சொன்னால் மிச்சப் பணத்துக்கும் விதி இடம் தராது என்று சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் வெள்ளவத்தை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது வேறு முறைப்பாடு. காலையில் காகத்துக்குச் சோறு வைக்க அடுப்படி யன்னலைத் திறந்தால் கீபேட் மூன்று தரம் மணி அடிக்கிறது, காகம் பறந்துவிடுகிறது. அதை மட்டும் நிறுத்த முடியாதா என்று கேட்கிறார். முடியும், எண் என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் நிறுத்தவில்லை.