போர் தண்ணில ஃபுளோரைடு பாக்க எது சரி: டிடிஎஸ் மீட்டரா, கிட்டா, வாரிய லேபா, பிரைவேட் லேபா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தமா போர் போட்டு அந்தத் தண்ணியவே குடிக்கிற வீடுகளுக்காக இத எழுதுறேன். நம்ம பக்கத்துல முதல்ல பாக்க வேண்டியது ஃபுளோரைடு. அது யாரும் கொண்டு வந்து கொட்டுனது இல்ல, அடியில இருக்கிற பாறையிலயே இருக்கு, பாறை இடுக்குல தண்ணி வருஷக்கணக்கா நிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வந்துடுது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நாக்குல வச்சாலும் தெரியாது. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 கணக்குப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போனா பல்லு உருவாகுற வயசுல இருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் முதல் அடி, முளைக்கும்போதே பல்லு கறையோட வரும். இன்னும் ரொம்ப அதிகமா இருக்கிற தண்ணிய பல வருஷம் குடிச்சா முட்டி, முதுகெலும்பெல்லாம் இறுகிப் போயிடும், அத பழைய நிலைமைக்குத் திருப்ப மருந்து இல்ல.

டிடிஎஸ் மீட்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நிறைய வீட்ல இருக்கிறது அது ஒண்ணுதான். அது தண்ணில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு பாத்து மொத்த உப்பு இவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்லுது, அவ்வளவுதான். எந்த உப்புன்னு அதுக்குத் தெரியாது. மீட்டர்ல 600 காட்டுற தண்ணில ஃபுளோரைடு 0.5 இருந்தாலும் 600 தான், 3 இருந்தாலும் கிட்டத்தட்ட அதே 600 தான். இதுல இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியல: தண்ணில கால்சியம் அதிகமா இருந்தா அது ஃபுளோரைடப் பிடிச்சு கீழ படிய வச்சிடும், கால்சியம் கம்மியா இருந்தாதான் ஃபுளோரைடு ஏறும். அதனால சோப்பு நல்லா நுரைக்குது, பருப்பு சீக்கிரம் வேகுது, மீட்டரும் கம்மியா காட்டுது, அப்ப நல்ல தண்ணிதான்னு முடிவு பண்ணாதீங்க, அந்த மாதிரி தண்ணியத்தான் கண்டிப்பா டெஸ்ட் பண்ணணும்.

ஆர்ஓ விக்க வர்றவங்க இலவசமா பண்ற டெஸ்டப் பத்தியும் சொல்லணும், ரெண்டு டம்ளர்ல கம்பி விட்டு கரண்ட் கொடுப்பாங்க, நம்ம தண்ணி பழுப்பா கலங்கும், அவங்க தண்ணி தெளிவா நிக்கும். அந்தக் கலங்கல் கம்பில இருக்கிற இரும்பு கரைஞ்சு வர்றது, அவங்க தண்ணில உப்பே இல்லாததால கரண்ட் பாயல. சுத்தமான ஆத்துத் தண்ணிய வச்சாலும் இப்படித்தான் கலங்கும். அத ஒரு டெஸ்டாவே எடுத்துக்காதீங்க.

அடுத்து கிட், அதாவது வீட்லயே தண்ணிய டெஸ்ட் பண்ற சின்னப் பெட்டி. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்கு இந்த கிட் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு, பஞ்சாயத்துல கேட்டுப் பாருங்க. தண்ணில மருந்து விட்டா வர்ற நிறத்த அட்டையில இருக்கிற நிறத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும், சில நிமிஷத்துல முடிஞ்சிடும். பூஜ்யத்துக்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், ஆனா 1.3-ஆ 1.7-ஆன்னு கண்ண வச்சு சொல்ல முடியாது, நம்ம ஊருக்கு அந்த எடம்தான் முக்கியமே. மருந்து காலாவதி ஆயிடுச்சான்னு முதல்ல பாருங்க, நிறத்த வெயில் நேரடியா படாத நல்ல பகல் வெளிச்சத்துல பாருங்க. ஒரு தெருவுல இருக்கிற போர் எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்து எது சந்தேகமோ அத மட்டும் லேபுக்கு அனுப்புறதுக்கு இதவிட நல்ல வழி இல்ல.

லேப்னு வந்தா என் ஓட்டு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேபுக்குத்தான். பொதுமக்களும் சாம்பிள் கொண்டு போய் கட்டணம் கட்டி டெஸ்ட் பண்ணிக்கலாம், ஃபுளோரைடோட பிஹெச், கடினத்தன்மை, கால்சியம், இரும்பு, நைட்ரேட்டும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. நைட்ரேட் பெரும்பாலும் உரத்துல இருந்தும் செப்டிக் டேங்க்ல இருந்தும் வர்றது, கைக்குழந்தை இருக்கிற வீட்ல அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகவே கூடாது. சாம்பிள் எடுக்கிறதுல கவனம் வேணும். மோட்டார கொஞ்ச நேரம் ஓட விட்டு, டேங்க் தண்ணிய எடுக்காம போர்ல இருந்து நேரா வர்றத பிடிங்க, அதே தண்ணில பிளாஸ்டிக் பாட்டில ரெண்டு மூணு தடவ அலசிட்டு ரொப்புங்க. கிருமி டெஸ்டும் வேணும்னா லேப்லயே ஸ்டெரிலைஸ் பண்ண பாட்டில் வாங்கிக்கணும், அத அலசக் கூடாது, அன்னைக்கே கொண்டு போய் கொடுத்துடணும்.

பிரைவேட் லேப் எப்பன்னா, அவசரமா ரிப்போர்ட் வேணும்னாலோ, யுரேனியம், ஆர்சனிக் மாதிரி பெரிய மெஷின்ல பாக்க வேண்டியது இருந்தாலோ போங்க. லேபுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற என்ஏபிஎல் அமைப்போட முத்திரை இருந்தா மட்டும் போதாது, தண்ணில ஃபுளோரைடு பாக்கறதுக்கு அந்த அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க, எத எதுக்கு அங்கீகாரம்னு அவங்ககிட்ட ஒரு பட்டியல் இருக்கும். பெரிய பேக்கேஜ் எடுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க, நாலஞ்சு ஐட்டம் மட்டும் பாத்துக் கொடுன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு.

ரிப்போர்ட்ல 1.5-க்கு மேல வந்துட்டா காய்ச்சி குடிக்கலாம்னு நெனைக்காதீங்க, காய்ச்சும்போது தண்ணி ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் கெட்டியாகும், கேண்டில் ஃபில்டர், யூவி எதுவும் அத எடுக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே இந்தப் பிரச்சினைக்காக வந்ததுதான், 2013-ல இருந்து காவேரித் தண்ணி வருது, குடிக்கிறதுக்கும் சோறு பொங்குறதுக்கும் அத வச்சுக்கிட்டு போர் தண்ணிய குளிக்கத் துவைக்க விட்டுடுங்க. ஊர் டேங்க்ல போர் தண்ணியும் சேத்து விடறாங்கன்னா அந்தக் குழாய்த் தண்ணியையும் கிட்ல ஒரு தடவ பாருங்க. ஆர்ஓ வச்சிருந்தா அதுல இருந்து வெளிய வர்ற தண்ணிய ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாருங்க, உள்ள உப்ப வடிகட்டுற மெம்பரேன் தேய்ஞ்சா ஃபுளோரைடு உள்ள வர ஆரம்பிச்சிடும். போர இன்னும் ஆழப்படுத்தினா பழைய ரிப்போர்ட் செல்லாது, புதுசா சாம்பிள் கொடுங்க.