ஹீட்டிங் மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த ஹீட் லாஸ் சர்வே: எங்க அனுபவம்

எங்க வீடு 80 வருஷப் பழசு, கெட்டியான செங்கல் சுவரு, சுவத்துக்கு நடுவுல சூடு வெளிய போகாமத் தடுக்கிற இன்சுலேஷன்னு ஒண்ணும் கிடையாது, தண்ணியச் சூடாக்கி ரூமுக்கு ரூம் இருக்கிற ரேடியேட்டருக்கு அனுப்புற கேஸ் பாய்லருக்கே 24 வயசு ஆகுது. போன குளிர்காலத்துல ரெண்டு தடவ நின்னுபோச்சு, ரெண்டாவது தடவ நடுராத்திரில நின்னப்போ பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுத் தூங்க வச்சோம், இனிமே தாங்காது மாத்தியே ஆகணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம்.

முதல்ல வந்த இன்ஸ்டாலர் பத்தே நிமிஷம் தான் இருந்தாரு. பாய்லர்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கரப் பாத்தாரு, "27 கிலோவாட், அதே சைஸ்ல புதுசு போட்டுரலாம்"னுட்டுக் கிளம்பிட்டாரு. நானும் சரின்னு தலையாட்ட இருந்தேன், வீட்டம்மா தான் "ஏங்க, ஒரு ரூமக் கூட எட்டிப் பாக்காம எப்படிங்க சைஸ் சொன்னாரு"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் தான் மெஷின் எதுவும் விக்காம, வீட்டுல இருந்து எவ்வளவு சூடு வெளிய போகுதுன்னு கணக்குப் போடுற ஹீட் லாஸ் சர்வே மட்டும் பண்ணித் தர்ற ஒரு இன்ஜினியரக் கூப்பிட்டோம். இந்த ரிவ்யூ அந்த சர்வேயப் பத்தித்தான்.

நாலு மணி நேரம் இருந்தாரு. ஒவ்வொரு ரூமா நீள அகலம் எடுத்தாரு, ஜன்னல் ஒத்தக் கண்ணாடியா ரெட்டக் கண்ணாடியான்னு பாத்தாரு, ரேடியேட்டர் ஒவ்வொண்ணையும் அளந்தாரு, புகை விடுற சின்னக் குச்சி ஒண்ண ஜன்னல் ஓரத்துல பிடிச்சு காத்து எங்க நுழையுதுன்னு காமிச்சாரு, மாடிப்படிக்குக் கீழ இருக்கிற கதவுகிட்ட புகை அப்படியே படுத்துருச்சு, இத்தன வருஷமா அந்தப் பக்கம் போனா கால் சில்லுன்னு இருக்கும், காரணம் அன்னிக்குத்தான் புரிஞ்சுது. பரண்ல ஏறிப் பாத்தா பழைய கம்பளி இன்சுலேஷன் 50 மில்லிமீட்டருக்கு அமுங்கிக் கெடக்கு, 300 வேணும்னாரு.

அப்புறம் ஹால் ரேடியேட்டரோட காத்து எடுக்கிற திருகக் கொஞ்சம் திறந்து ஒரு வெள்ளத் துணில தண்ணிய விட்டாரு, கன்னங்கரேல்னு வந்துச்சு, அதுகிட்ட காந்தத்தக் கொண்டுபோனா கறுப்புத் துகள் எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்குது! உள்ள இரும்பு அரிச்சு வந்த சேறுங்க அது. பைப்பக் கழுவாம புது மெஷின மாட்டினா இந்தச் சேறு நேரா அதுக்குள்ள போயி பம்பயும், தண்ணிக்குச் சூட்ட ஏத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அடைச்சிரும், அதனால கழுவுறதும் காந்த ஃபில்டர் போடுறதும் கண்டிப்பா கொட்டேஷன்ல இருக்கணும்னாரு. பேஸ்மென்ட்ல பழைய பைப்பச் சுத்தியிருந்த வெள்ளப் பூச்ச மட்டும் தொடவே இல்ல, ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அதோட தூசி மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆபத்து, லேப் டெஸ்ட் பண்ணாம யாரையும் உரிக்க விடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு.

ரிப்போர்ட் வந்தப்போ தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. வருஷத்துலயே கடுங்குளிர் அடிக்கிற நாளைக்கு எங்க வீட்டுக்குத் தேவை 11 கிலோவாட், அவ்வளவு தான். பரண் இன்சுலேஷன் போட்டு ஓட்டைய அடைச்சா 8.5. அந்த 27 கிலோவாட்டு இத்தன வருஷமா அஞ்சு நிமிஷம் எரியும், அஞ்சு நிமிஷம் நிக்கும்னு தான் ஓடியிருக்கு, கேஸும் வீணு, மெஷினும் தேயும்.

கேஸ் இல்லாம, வெளிய இருக்கிற சூட்டக் கரண்ட்டால இழுத்து உள்ள தர்ற ஹீட் பம்ப் போடலாமான்னு கேட்டோம். ஆசை காட்டவும் இல்ல, பயமுறுத்தவும் இல்ல. ரேடியேட்டருக்குப் போற தண்ணி எவ்வளவு கம்மி சூட்டுல போகுதோ அவ்வளவுக்கு ஹீட் பம்ப் கரண்ட்ட மிச்சம் பண்ணும், ஆனா 75 டிகிரில போயி 65ல திரும்புற தண்ணிக்கு ஒரு ரேடியேட்டர் குடுக்கிற சூட்டுல, 55ல போயி 45ல திரும்பினா கிட்டத்தட்ட பாதி தான் கிடைக்கும். அதனால எந்த ரூம் தாங்கும் எது தாங்காதுன்னு தெரியணும். அதுக்கு அவர் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது, பழைய பாய்லர்லயே தண்ணி சூட்ட 55க்குக் குறைச்சு வச்சு நல்ல குளிர் நாள்ல நாள் பூரா ஓட்டிப் பாருங்கன்னாரு. (குளிக்க வர்ற வெந்நீர் டேங்க் இருந்தா அத மட்டும் 60லயே வைக்கணும், இல்லன்னா லெஜியோனெல்லா கிருமி வளரும், இத மறந்துராதீங்க.) ஓட்டிப் பாத்தோம், மத்த ரூமெல்லாம் 20 டிகிரி வந்துருச்சு, பாப்பா ரூமும் ஹாலும் மட்டும் 17ஐத் தாண்டல. ஆக, வீடு பூரா ரேடியேட்டர் மாத்தத் தேவையில்ல, ரெண்டே ரெண்டு தான்!

குறையும் இருக்கு, சொல்லிடுறேன். ஒரு வாரத்துல தர்றேன்னு சொன்ன ரிப்போர்ட் மூணு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு, மாடி பாத்ரூம விட்டுட்டாரு, போன் பண்ணித் திருத்த வேண்டியிருந்துச்சு. ரிப்போர்ட்டு முழுக்க ஒரே டேபிளா இருக்கு, ரெண்டு பக்கத்துல சாதாரண ஆளுக்குப் புரியிற மாதிரி ஒரு சுருக்கம் குடுத்திருக்கலாம். அதனால அஞ்சுக்கு நாலரை.

இப்ப அந்த ரிப்போர்ட்ட வச்சுத்தான் கொட்டேஷன் கேக்குறோம். 11 கிலோவாட்டுனு பாத்ததுமே ரெண்டு பேர் அவங்க சொன்ன சைஸக் குறைச்சுட்டாங்க, ஒருத்தர் மட்டும் "இதெல்லாம் எதுக்கு, நான் பாத்துக்கிறேன்"னாரு, அவர வேண்டாம்னு சொல்லிட்டோம். பரண் வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்குது, அது முடிஞ்சதும் பாப்பா ரூமுக்கும் ஹாலுக்கும் பெரிய ரேடியேட்டர், மெஷின் கடைசில தான்.