புது நாய் வருகிறது: வெளியே நடையா, உள்ளே தடுப்பா?

வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கும்போது இன்னொன்றைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு "அதுங்களே பார்த்துக்கும்" என்று நிற்பது முதல் வழி. சில சமயம் பலிக்கும். பலிக்காத நாளில் காது கிழியும், பிறகு இரண்டையும் ஒரே அறையில் வைக்கவே பயமாக இருக்கும். இதை இங்கேயே விட்டுவிடலாம்.

யோசிக்க வேண்டியது மற்ற இரண்டைத்தான்.

வெளியே நடை என்றால், இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடப்பது. நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்தி "ஹலோ சொல்லு" என்பதுதான் பலரும் செய்யும் தவறு. நாய்கள் தாமாகச் சந்தித்தால் வளைந்து வந்து பக்கவாட்டில் மோப்பம் பிடிக்கும். முறைத்தபடி நேராக வருவது அவற்றுக்குச் சவால். உடம்பு விறைப்பு தளர்ந்ததும் சில நொடி மோந்துபார்க்க விட்டு, கூப்பிட்டு, மறுபடி நடக்க வேண்டும். வார் தொய்வாகவே இருக்கட்டும். இழுத்துப் பிடித்தால் நம் பதற்றம் நாய்க்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே நாளில் நிறையத் தெரிந்துவிடும் என்பது இதன் லாபம். ஆனால் நடை வாசலோடு முடிந்துவிடுகிறது. சோற்றுத் தட்டு, படுக்கை, நம் மடி என்று சண்டைக்கான காரணமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது.

தடுப்பு முறையில் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முதலில் படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்குவது, அப்புறம் பார்வை, கடைசியில்தான் நேரடிச் சந்திப்பு. நாள்கணக்கு, சில நேரம் வாரக்கணக்கு ஆகும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: தடுப்பு இருப்பதாலேயே எரிச்சலாகிக் கத்தும் நாய்கள் இருக்கின்றன. அதைப் பகை என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, எது? வளர்ந்த நாய் என்றால் என் ஓட்டு முதலில் நடைக்கு, வீட்டுக்கு வந்ததும் சில நாள் தடுப்புக்கு. தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே இறக்கவே வேண்டாம். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிக்கு நேராகக் கம்பிக் கதவுத் தடுப்புதான். மூட்டுவலியுள்ள கிழட்டு நாய் இருக்கும் வீட்டில் பழகிய பிறகும் தடுப்பைக் கழற்றாதீர்கள், குட்டியிடமிருந்து தப்பிக்க அதற்கு ஓர் இடம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று நாய்கள் இருந்தால், எந்த முறையானாலும் ஒவ்வொன்றாக அறிமுகம்.

உறுமினால் அதட்டாதீர்கள். "போதும், தள்ளிப் போ" என்று அது முறையாகத்தான் சொல்கிறது. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கலாம். இரண்டும் ஒட்டிப் படுத்துத் தூங்கத் தொடங்கிய பிறகும், சாப்பாட்டுத் தட்டு மட்டும் தனித்தனி அறையிலேயே இருக்கட்டும்.