கொட்டில்ல தலைச்சேரியா, மேய்ச்சல்ல நாட்டாடா? பண்ருட்டி பக்கத்துக்கு எது ஒத்துவரும்

புதுசா ஆடு வளர்க்க வர்ற தம்பிங்க மொதல்ல கேக்கறது எந்த ரகம் வாங்கலாம்ணேன்னுதான், நான் திருப்பிக் கேக்கறது தழைக்கு என்ன வழி வச்சிருக்கன்னு. அதுலயே பாதி முடிவாயிடும்.

தலைச்சேரி கேரளா ரகம், ஈத்துக்கு ரெண்டு குட்டி சாதாரணமா போடும், குட்டியும் சட்டுனு எடை ஏறும், உயிர் எடைக்கு விக்கறவங்களுக்கு அது நல்ல காசு. ஆனா கொட்டில்ல அடைச்சு வளர்த்தா பெரிய ஆடு ஒன்னுக்கு தினம் நாலு கிலோ பசுந்தீவனமாவது வெட்டிப் போடணும், 20 ஆடுன்னா 80 கிலோ, பொங்கல் தீபாவளின்னு லீவெல்லாம் கெடையாது. நெறைய பேரு கோ 4ங்கற தீவனப்புல்ல மட்டும் நட்டுட்டு போதும்னு இருந்துடறாங்க, அது 45 நாளைக்கு ஒரு தரம் அறுப்புக்கு வரும், விளைச்சல்ல கொறையே இல்ல, ஆனா வெள்ளாடு மாடு இல்லீங்க, தலைய தூக்கி தழை கடிக்கற ஜாதி அது, வெறும் புல்லுல புரதமும் பத்தாது, கூட வேலிமசால், அகத்தி, சூபாபுல் மாதிரி புரதத் தழை இருந்தே ஆகணும். சூபாபுல்லும் மொத்த தீவனத்துல மூணுல ஒரு பங்க தாண்டக்கூடாது, அதுல இருக்கற மைமோசின்ங்கற நச்சு முடி கொட்ட வச்சிடும்.

காடாம்புலியூர் பக்கம் முந்திரித்தோப்பு, பலாமரம்னு இருக்கறவங்களுக்கு நாட்டாடுதான் கைகொடுக்கும். பலாத்தழைன்னா அதுக்கு அவ்ளோ ஆசை, மல்லாட்டை (நிலக்கடலை) புடுங்கறப்ப கொடிய காயவச்சு போர் போட்டுட்டா மழைக்கும் ஆச்சு. குட்டி எடை மெதுவாத்தான் ஏறும், அது உண்மை. மேய்ச்சலையே முழுசா நம்பவும் பயமா இருக்கு, 2011 டிசம்பர் 30 தானே புயல்ல முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சப்ப தழையும் நிழலும் ஒன்னா போச்சு.

போயர்னு தென்னாப்பிரிக்கா கறி ஆடு ஒன்னு இருக்கு, அது விக்கற ரேட்டுக்கு புதுசா வர்றவங்க இப்போதைக்கு போகவேணாம்.

எங்க பட்டியில நாட்டுப் பெட்டைங்க, தலைச்சேரி கிடா. காலையில தோப்புல மேய்ச்சல், சாயந்திரம் வேலிமசாலும் கொஞ்சம் உளுந்தம்பொட்டும். 20 பெட்டைக்கு ஒரு கிடா போதும், ஆனா ரெண்டு வருஷத்துல கட்டாயம் மாத்திடுவேன், இல்லன்னா அது போட்ட பெட்டைக்குட்டியோடயே அது சேர்ந்துடும், அப்புறம் சவலையாத்தான் பொறக்கும். இன்னொன்னு, மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் கிடாய தனியா கட்டிடுறேன், சினை அஞ்சு மாசம், அப்ப சேர்ந்தா குட்டி சரியா ஐப்பசி கார்த்திகை அடைமழையில விழும்.