குளோசபினோடு 11 வருடம்

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் என்ற மருந்தின் முதல் மாத்திரையை 2014-ல் ஓணம் கழிந்த வாரம் போட்டேன். 25 மில்லிகிராம் மாத்திரையை அம்மை பாக்குவெட்டியில் வைத்துப் பிளந்து பாதியைத் தந்தாள். 12.5-ல்தான் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போதும் இரவானால் அதே மருந்துதான். இந்த மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், போடலாமா வேண்டாமா என்று பயந்துகொண்டிருக்கும் வீட்டுக்காரர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். ரப்பர்தான் பிழைப்பு. அண்ணனும் நானும் பால் வெட்டுக்காரர்கள். விடியற்காலை மூன்றரைக்கு நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவோம். வெயில் ஏறினால் பால் ஊறாது. 22 வயதில் எனக்கு மனச்சிதைவு தொடங்கியது. மரத்துக்கு மரம் இரண்டு ஆண் குரல்கள் கூடவே வரும். நான் கத்தியைப் பட்டையில் வைக்கும் முன்பே, "ஆழமா இறக்குவான் பாரு, மரம் பட்டுப்போவும்" என்று ஒருவன் சொல்வான். மற்றவன் சிரிப்பான். சிரட்டையைத் திருப்பி வைத்தால் அதற்கும் சிரிப்பு. கடைசி இரண்டு வருடம் குரல்கள் செத்துப்போ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

முதலில் ஹாலோபெரிடால் தந்தார்கள். கை மரக்கட்டையாக விறைத்தது, கத்தி பிடிக்க முடியவில்லை. அப்புறம் ரிஸ்பெரிடோன், அதற்குப் பிறகு ஓலன்சபின். இடையில் நேர்ச்சை, மந்திரவாதம் எல்லாம் நடந்தன. இரண்டு வேறு வேறு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது போட்டும் கேட்கவில்லை என்றால்தான் குளோசபினுக்குப் போவார்கள். எனக்கு அதற்கு ஒன்பது வருடம் ஆனது. அவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம் என்பது என் ஆதங்கம்.

ஏன் இதைக் கடைசியில் வைக்கிறார்கள் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இது விற்பனைக்கு வந்தது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, தொற்று வந்து இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஜான் கேன் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், வேறு எந்த மருந்தும் கேட்காத 268 பேரிடம் ஆறு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். குளோர்புரோமசின் என்ற பழைய மருந்தைச் சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் குணம் தெரிந்தது. குளோசபின் சாப்பிட்டவர்களில் 30 சதவீதம். அதற்குப் பிறகுதான், ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். தற்கொலை முயற்சி ஆபத்தைக் குறைப்பதற்கும் 2002-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இதை டாக்டர் சொன்னபோது அம்மை அழுதாள். அவள் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான்.

முதல் 18 வாரம், வாரா வாரம் ரத்தம். மார்த்தாண்டத்தில் எடுத்து, அறிக்கையோடு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவோம். அதன் பிறகு வருடம் நிறையும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. ஏ.என்.சி., அதாவது தொற்றை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, 1500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஒருபோதும் போகவில்லை. அந்தப் பயங்கரமான விளைவு வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அமெரிக்காவில் இதற்கென்று இருந்த கட்டாயப் பதிவு முறையை 2025-ல் எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் பார்ப்பதை விட்டுவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

குரல்கள் உடனே அடங்கவில்லை. நான்காவது மாதம் ஒருநாள் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ரோலரிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. வெறும் தண்ணீர்ச் சத்தம். அதற்குள் யாரும் பேசவில்லை. கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். குரல்கள் இன்றைக்கும் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு இந்த 11 வருடத்தில் ஒருதடவைகூட வரவில்லை.

இனி இதற்குக் கொடுத்த விலை. 58 கிலோவாக இருந்தவன் 81-க்குப் போனேன். சர்க்கரை வந்துவிட்டது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரவு முழுவதும் வாயிலிருந்து எச்சில் ஒழுகும். தலையணை மேல் தோர்த்தை, அதாவது துண்டை, நான்காக மடித்துப் போட்டுத்தான் படுக்கிறேன், விடியும்போது பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். தூக்கம் என்றால் கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்டது போன்ற தூக்கம். "லே, எழும்புலே" என்று அண்ணன் தண்ணீர் தெளித்தும் மூன்றரைக்கு எழும்ப முடிந்ததில்லை. இரவு எட்டு மணிக்கே மருந்தைப் போடச் சொன்னார் டாக்டர். அப்படியும் ஆறு மணிதான். பால் வெட்டு என் கையை விட்டுப் போனது. இப்போது அண்ணன் வெட்டுகிறான், நான் ஷீட் அடித்து, அதை உலர்த்துகிற புகைப்புரையில் போடுகிறேன். வெட்டுக்கூலி கிடைப்பதில்லை என்பதைவிட, கத்தி பட்ட இடத்தில் வெள்ளையாக ஊறி வருவதை விடியலில் பார்க்க முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்ல வேண்டியது மலச்சிக்கல். ரத்தத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை. இந்த மருந்து குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும், அடைத்துக்கொண்டு உயிரே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்கென்றே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. எனக்கு நடந்தது அதற்கு முன்பு. ஆறு நாள் மலம் போகவில்லை, வயிறு செண்டை மாதிரி ஊதிவிட்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாந்தி எடுக்கத் தொடங்கியதும் அண்ணன் டாக்டருக்கு போன் போட்டான். அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதால் பிழைத்தேன். இப்போது டாக்டர் முதலில் கேட்பதே, "வயற்றில்நின்னு போயோ?" என்றுதான், மலம் போனதா என்று மலையாளத்தில். மலமிளக்கி தினமும் உண்டு. இரவில் மட்டிப்பழம் இரண்டு. மரச்சீனிக் கிழங்கைக் குறைத்துவிட்டேன். வெட்கப்படாமல் நாள்காட்டியில் குறித்து வைக்கிறேன். இரண்டு நாள் தாண்டினால் கூப்பிட்டுவிடுவேன்.

2020 ஊரடங்கில் களியக்காவிளையில் பாதையை அடைத்தபோது மருந்து தீர்ந்துபோனது. மூன்று இரவு போடவில்லை. நான்காவது நாள் நாகர்கோவிலில் கிடைத்ததும் பழையபடி 350-ஐ அப்படியே விழுங்கினேன். கண் இருட்டிக் குளியலறையில் விழுந்தேன், புருவம் கிழிந்தது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் திரும்ப 12.5-லிருந்துதான் ஏற வேண்டும், அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான். இன்னொன்றும் அந்தச் சமயத்தில்தான் தெரிந்தது. கடை அடைத்திருந்ததால் பீடி நின்றுபோயிருந்தது. பீடி, சிகரெட் புகை இந்த மருந்தை உடம்பு சீக்கிரம் செரித்துத் தள்ளும்படி செய்யும். புகையை நிறுத்தினால் அதே அளவு மருந்து ரத்தத்தில் கூடிவிடும். அதனால் இந்தமுறை 250-லேயே போதும் என்று நிறுத்தினார் டாக்டர். கட்டன்காப்பி அதிகம் குடித்தாலும் மருந்து ரத்தத்தில் ஏறும். பீடியை விடுவது நல்லதுதான், ஆனால் சொல்லிவிட்டு விடுங்கள்.

இதில் எனக்கு நெருடுவது ஒன்றுண்டு. அம்மைக்கு நான் உயிரோடு கண் முன்னால் இருந்தால் போதும். "மக்கா, இது இல்லேன்னா நீ எனக்கு இல்ல" என்பாள். டாக்டர் ரத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பார். எழும்ப முடியாத விடியலும் நனைந்த தலையணையும் யார் கணக்கிலும் வருவதில்லை, நானாகச் சொன்னால்தான் வரும். பல வருடம் நான் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றிய மருந்தைக் குறை சொல்வது நன்றி கெட்டதனம் என்று நினைத்துவிட்டேன்.

போன மாதம் சொன்னேன். டாக்டர் முழுவதும் கேட்டார். 25-ஐ மட்டும் குறைத்துப் பார்க்கலாம், குரல் கூடினால் அன்றைக்கே திரும்ப ஏற்றிவிடலாம் என்றார். அம்மைக்கு இன்னும் சம்மதமில்லை, இரவில் இரண்டு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இன்றோடு 19 நாள். குரல் கூடவில்லை. தோர்த்து நனையத்தான் செய்கிறது. நேற்று ஐந்தரைக்கு நானாக எழும்பினேன். அண்ணன் கடைசி வரிசை மரங்களில் இருந்தான். போய்ப் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன்.